பூஜை வரிக்குக் கீழே

எங்கள் கொல்கத்தாத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த செயலாளர், "கலகலப்பா ஏதாவது எழுதுங்கம்மா. இத்தனை வருஷ ஆபீஸ்ல எவ்வளவு வேடிக்கை நடந்திருக்கும்!" என்றார். நடந்திருக்கிறதுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் மற்றதெல்லாம் ஓடிப்போய் அந்த ஒரு காலைதான் வந்து நிற்கிறது. போதாக்குறைக்கு, ஆபீஸில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரியா போன வாரம் போன் செய்தாள். "இனிமே ஷீட்டே கிடையாது ஆன்ட்டி. புது சாஃப்ட்வேர் வருது. எது வேணுமோ அதுவே வடிகட்டிக் குடுத்துடும்" என்றாள். அதுவே வடிகட்டிக் கொடுக்குமாம்! அதைக் கேட்ட கலக்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். கலகலப்பு வேண்டுபவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து, பையோடு வீட்டுக்கு ஓடி வருகிற ரகம். லிஃப்ட் பயம், பல்லி பயம், ஆட்டோ கொஞ்சம் சாய்ந்தால் பயம். ஆபீஸில் எனக்கு 'பீது தீதி' என்றே பெயர். வங்காள மொழியில் பீது என்றால் பயந்தவள், தீதி என்றால் அக்கா. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், நானும் "என்னப்பா" என்று திரும்பிப் பார்ப்பேன். பழகிவிட்டது.

பிறந்து வளர்ந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆகி கொல்கத்தா வந்தேன். டைப்பிங் தெரியும் என்பதற்காக கிடர்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் எடுத்தார்கள். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தபோது என்னையும் பிடித்து அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். தொட்டால் வெடித்துவிடும் என்பதுபோல் முதல் மாதம் ஒற்றை விரலால் தொட்டேன். பிறகு அதுவே சோறு போட்டது. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால்தான் என் பயம் புரியும். கப்பலில் வரும் கன்டெய்னர்களை எங்கள் யார்டில் இறக்கி வைப்போம். பாதிக்கு மேல் துவரை, உளுந்து, மரக்கட்டை. பூச்சி அரிக்காமல் இருக்க, கிளம்புகிற ஊரிலேயே உள்ளே மருந்து மாத்திரைகளைப் போட்டுக் கதவை அடைத்து விடுவார்கள். மாத்திரை கரைந்து விஷவாயுவாகி மூட்டைகளுக்கு நடுவே நிற்கும். இங்கே வந்ததும் அதற்கென்று உள்ள ஏஜென்சிக்காரர்கள் முகமூடி போட்டு வந்து கதவைத் திறந்து காற்றாட விடுவார்கள். பிறகு மீட்டரை உள்ளே நீட்டிப் பார்ப்பார்கள். வாயு இல்லை என்று சர்டிபிகேட் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகுதான் நம் ஆள் கதவைத் தொடலாம். எச்சரிக்கைக்காகக் கதவில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருக்கும், ஆனால் கடல்காற்றிலும் மழையிலும் பாதிப் பயணத்திலேயே அது உரிந்து போய்விடும். ஆகவே எது திறக்கலாம், எது திறக்கக் கூடாது என்று யார்டுக்குச் சொல்வது எங்கள் காகிதம்தான்.

அந்தக் காகிதம் எப்படி வரும்? கம்ப்யூட்டர் ஷீட்டில் ஒரு கன்டெய்னருக்கு ஒரு வரி. எண், யார்டில் எந்த இடம், வந்த நாள், மீட்டர் காட்டிய அளவு, கடைசிப் பத்தியில் 'க்ளியர்'. சர்டிபிகேட் வந்துவிட்டால் அந்தப் பத்தியில் 'யெஸ்' என்று அடிப்போம். வராவிட்டால் காலியாக விடுவோம். காலையில் அந்தப் பத்தியின் தலையில் உள்ள சின்ன அம்பை அழுத்தி, 'யெஸ்' மட்டும் தெரியட்டும் என்று ஃபில்டர் போட்டால் மற்ற வரிகள் எல்லாம் மறைந்துவிடும். அழியாது, மறையும். அப்படி மறையும்போது இடது ஓரத்து வரிசை எண்கள் கறுப்பிலிருந்து நீலமாக மாறும். பிறகு தேவையில்லாத பத்திகளையும் மறைத்து, எண்ணும் இடமும் மட்டும் இருக்கிற மாதிரி அச்சடித்து, மேனேஜர் கையெழுத்து வாங்கி யார்டுக்கு அனுப்புவோம்.

மேனேஜர் பிஸ்வாஸ் பாபு. அவரைப் போன்ற ஒரு நிதானஸ்தரை நான் பார்த்ததில்லை. குரல் உயரவே உயராது. யாராவது பதறிக்கொண்டு போய் நின்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் துடைப்பது போல் சட்டை நுனியால் துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, "ம், இப்போ சொல்லு" என்பார். அதற்குள் வந்தவன் பாதி விஷயத்தை மறந்திருப்பான். காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. "வேண்டாததை என் கண்ணில் காட்டாதே பசந்தா" என்பார். வங்காளிகள் வாயில் என் வசந்தா எப்போதுமே பசந்தாதான். அவர் சிடுசிடுப்பவர் இல்லை, கெட்டவர் இல்லவே இல்லை. எனக்குப் பயமே அந்த நிதானத்தைக் கண்டுதான்.

யார்டில் தங்கராசு. மூட்டை எண்ணுகிற டாலி கிளார்க். அவனும் கரக்பூர்க்காரன், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். வீட்டுத் தமிழில் பேச எனக்கு ஆபீஸில் இருந்த ஒரே ஆள். கதவு திறந்ததும் முதலில் உள்ளே ஏறுகிறவன் அவன்தான். முதல் வரிசை மூட்டைகளைத் தன் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு நிற்கும் என்பான். அவன் இறங்கிய பிறகு நசீர் சாச்சாவின் ஆட்கள் ஏறுவார்கள். நசீர் சாச்சா சுமை ஆட்களின் தலைவர், வயதானவர், இடுப்பில் எப்போதும் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

"ஏல, கொஞ்சம் பொறுத்து ஏறினா என்னல? கதவு கொஞ்ச நேரம் திறந்து கெடக்கட்டுமே" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வேன்.

"அக்கா, நீங்க அனுப்புத காகிதத்துல இருந்தா ஏறுவேன், இல்லேன்னா ஏற மாட்டேன். அம்புட்டுதான். நீங்க சும்மா பயப்படுதீங்க" என்பான்.

இப்போது பூஜை வரிக்கு வருகிறேன். எங்கள் வருஷப் பிறப்புக்கு மறுநாள் பெரும்பாலும் அவர்களுக்குப் பொய்லா பைசாக், வங்காள வருஷப் பிறப்பு. அன்றைக்குப் புதுக் கணக்கு போடுவார்கள். எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டரைப் பாதி வருஷத்தில் மாற்ற முடியாது என்பதால் பிஸ்வாஸ் பாபு ஒரு வழக்கம் வைத்திருந்தார். பழைய வருஷத்துக் கடைசி வரிக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விடுவார். அது தெய்வத்தின் வரி. அதில் யாரும் எதுவும் எழுதக் கூடாது. அதற்குக் குங்குமம் வைத்து, சந்தேஷ் இனிப்பு படைத்து, அதற்குக் கீழே புது வருஷத்தின் முதல் கன்டெய்னரை எழுதுவார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் பிடிக்கும். நம் வீட்டில் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரிதானே.

அந்த வருஷம்தான் வாயு ரிஜிஸ்டர் காகிதத்திலிருந்து ஷீட்டுக்கு மாறியிருந்தது. பொய்லா பைசாக் காலையில் ஃபில்டரையெல்லாம் எடுத்து ஷீட்டை முழுசாகத் திறந்து வைத்தோம். திரைக்குக் குங்குமம் வைக்க முடியாது, மானிட்டரின் நெற்றியில் வைத்தார் பிஸ்வாஸ் பாபு. கடைசி வரிக்குக் கீழே ஒரு வரியை அப்படியே விட்டார். அதற்குக் கீழே, முந்தின இரவு கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னர்களை ரியா அடித்தாள். எல்லோரும் சந்தேஷ் சாப்பிட்டோம். நான் வீட்டிலிருந்து மாங்காய்ப் பச்சடி கொண்டு போயிருந்தேன். வேப்பம்பூவைக் கடித்து முகம் சுளித்த பிஸ்வாஸ் பாபு, "இது பண்டிகையா, தண்டனையா?" என்று கேட்டார். சிரித்தோம். அப்போது யாருக்குத் தெரியும்!

மறுநாள் காலை. ரியா வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஃபில்டர் போட்டாள், பத்திகளை மறைத்தாள், அச்சடித்தாள். பிஸ்வாஸ் பாபு மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். நடுவில் இருந்த காலி வரியைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், பூஜை வரி ஆயிற்றே. கையெழுத்துப் போட்டார். காகிதம் யார்டுக்குப் போயிற்று.

நான் அப்போதுதான் உள்ளே வந்து, செருப்பை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். ரியாவின் திரை எனக்குப் பக்கவாட்டில் தெரியும். சும்மா பார்த்தேன். இடது ஓரத்தில் எண்கள் நீலம், நீலம், நீலம். பூஜை வரிக்குக் கீழே கறுப்பு. எல்லாமே கறுப்பு.

"ரியா, கீழே மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?"

"எது ஆன்ட்டி?"

"நம்பர்."

குனிந்து பார்த்தாள். "தெரியலையே. ப்ரிண்ட் போயாச்சு."

எனக்கும் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்தக் கறுப்பு எண்கள் எல்லாம் நேற்று அடித்த கன்டெய்னர்கள். நேற்று ஏஜென்சிக்கு விடுமுறை. விடுமுறையில் யார் வந்து மீட்டர் வைத்திருப்பார்கள்?

பிஸ்வாஸ் பாபுவிடம் போய் நின்றேன். "பாபு, இன்னிக்குக் காகிதத்துல ஏதோ தப்பு இருக்கு."

கண்ணாடியைக் கழற்றினார்.

"பாபு, தயவுசெஞ்சு முதல்ல கேளுங்க. புதுசா வந்ததெல்லாம் க்ளியர் லிஸ்ட்ல இருக்கு."

துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மாட்டிக்கொண்டார். "சர்டிபிகேட் சாயங்காலம் வரும் பசந்தா. சில சமயம் போனில் சொல்லிவிடுவார்கள், 'யெஸ்' போட்டுவிடுவோம். ஃபில்டர் போட்டால் ஃபில்டர்தான். அது மறதிக்காரன் இல்லை, தூக்கக் கலக்கத்தில் வேலை செய்கிறவனும் இல்லை. உட்கார், தண்ணீர் குடி."

"எண்கள் கறுப்பா இருக்கு பாபு!"

"கறுப்பாக இருந்தால் என்ன?"

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். தங்கராசுவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? யார்டுக்குள் போன் கூடாது, கேட்டில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரம் அவன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குக் கதவு நடந்துகொண்டிருப்பான் என்று நினைத்தேன். 'நீங்க அனுப்புத காகிதத்துல இருந்தா ஏறுவேன்.' எழுந்து ஓடினேன்.

ஓடினேன் என்றால் ஓடினேன்தான். கிடர்பூர் தெருவில் லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. யாரோ சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி "ஓ மாஷிமா!" என்று கத்தினார்கள். பஸ்காரன் ஹார்ன் அடித்தான். கப்பல் நுழைகிற கால்வாய்க்கு எங்கள் ஆபீஸ் ஒரு கரை, யார்டு மறு கரை, நடுவில் பாலம். பாலத்தடிக்குப் போனால், ஐயோ, பாலம் திறந்து கிடக்கிறது. கப்பல் உள்ளே வருகிறது.

துறைமுக டாக்கில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். கப்பல் நுழையும்போது பாலத்தைத் திறந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம், அந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம். பீடி பற்ற வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எல்லோரும் நின்றார்கள். கப்பலோ ஊர்வலத்துத் தேர் மாதிரி அசைந்து அசைந்து வருகிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் எங்கள் யார்டின் சுவர் தெரிகிறது, அடுக்கிய கன்டெய்னர்களின் தலை தெரிகிறது. யார்டு கேட்டில் ஒரு லேண்ட்லைன் உண்டு. அதற்கு அடித்தேன். எங்கேஜ்டு. மறுபடி அடித்தேன். எங்கேஜ்டு. இந்த நேரத்தில் எந்த மகராசன் அங்கே கதை பேசுகிறான் என்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் நின்ற கைவண்டிக்காரர் என் காலைப் பார்த்து, "தீதி, தார் சுடலையா?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, நான் செருப்பில்லாமல் வந்திருக்கிறேன்.

பயம் பயம் என்று வாழ்க்கை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் பயமே இல்லை. இதுதான் பயம். ஓட முடியாது, கத்தினால் கேட்காது, கண்ணுக்கு எதிரே சுவர் தெரிகிறது, அந்தச் சுவருக்குப் பின்னால் ஒருவன் கதவைத் திறந்துகொண்டிருக்கிறான். வாய் தானாக "முருகா, அவன் அந்தக் கதவுகிட்ட போகக் கூடாது, முருகா, அவன் போகக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாலம் மூடி நான் யார்டுக்குள் போனபோது ஒரு கன்டெய்னரின் கதவு திறந்திருந்தது. காற்றில் அழுகின மீனும் பூண்டும் கலந்த மாதிரி ஒரு வாடை. தூரத்தில், சுவரோரமாக, தங்கராசு தரையில் கிடந்தான். முகம் சாம்பல் நிறம். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நசீர் சாச்சா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மூச்சு விடு பேட்டா, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் துண்டு நனைந்து கழுத்தில் கிடந்தது.

"ஏல தங்கராசு! ஏல!" என்று கத்தினேன். கண்ணைத் திறந்தான். "காகிதத்துல... இருந்துச்சுக்கா" என்றான். அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

நடந்தது இதுதான். அவன் உள்ளே ஏறி ரெண்டாவது வரிசைக்குப் போவதற்குள் கேட்டிலிருந்து ஆள் ஓடி வந்து, "திறக்காதே, ஏறாதே, பிஸ்வாஸ் பாபு போன்!" என்று கத்தியிருக்கிறான். அதற்குள் உள்ளே தங்கராசு தள்ளாடி விழுந்துவிட்டான். நசீர் சாச்சா துண்டை வாயில் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டிருக்கிறார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். லைனை அடைத்துக்கொண்டு பேசிய அந்த மகராசன் எங்கள் பிஸ்வாஸ் பாபுதான். நான் ஓடியதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடி கையிலேயே இருந்தது, துடைக்கவில்லை.

"நீ போன பிறகு டீயை எடுத்தேன்" என்றார். "குடிக்கப் போகிறபோது மேஜைக்கு அடியில் உன் செருப்பைப் பார்த்தேன். கரப்பான் பூச்சி இருக்குமென்று பாத்ரூமுக்குக்கூட செருப்பில்லாமல் போகாதவள் நீ. எனக்குப் பயம் வந்துவிட்டது பசந்தா. மறைத்த பத்தியைத் திற என்று ரியாவிடம் சொன்னேன். திறந்தாள். கீழே எல்லாம் காலி. ஒரு 'யெஸ்' கூட இல்லை."

"அதை எனக்குத் திறந்து பார்க்கத் தோணலையே பாபு" என்றேன். கை எட்டும் தூரத்தில் இருந்த மௌஸை விட்டுவிட்டுத் தெருவில் ஓடியிருக்கிறேன்.

"எனக்கும் தோன்றவில்லையே" என்றார். அவர் குரல் உடைந்து கேட்டது அன்றைக்குத்தான்.

காரணத்தைக் கண்டுபிடித்தது ரியா. அன்று முழுக்க அழுதுகொண்டே ஷீட்டைக் குடைந்திருக்கிறாள். ஃபில்டர் போடும்போது அது மேலிருந்து கீழே போய், முழுக்கக் காலியாக ஒரு வரி வந்தால் அங்கே நின்றுவிடுமாம். கணக்கு அங்கே முடிந்தது என்று நினைத்துக்கொள்ளுமாம். பூஜை வரிக்கு மேலே உள்ளதைத்தான் வடிகட்டியது. கீழே உள்ளதைத் தொடவே இல்லை, அப்படியே விட்டுவிட்டது. காகிதத்தில் பார்த்தால் எல்லாம் வடிகட்டின மாதிரிதான் தெரியும். தெய்வத்துக்கென்று நாங்கள் பயபக்தியோடு விட்ட ஒரு வரி, ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த வருஷம் பிஸ்வாஸ் பாபு வரி விடவில்லை. சந்தேஷ் மட்டும் கொடுத்தார். சர்டிபிகேட்டுகளும் காகிதமும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போன பிறகே கையெழுத்துப் போட்டார். தன் தப்பு என்று மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்ததும் அவர்தான். ரியா பெயர் அதில் வரவில்லை.

தங்கராசு தேறி வந்தான். மாடி ஏறினால் இளைக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறான். வேறு வேலை பார்த்துக்கொள் என்று எவ்வளவோ சொன்னேன். "எனக்கு வேற என்ன தெரியும்?" என்றான். அதற்குப் பிறகு டாலி கிளார்க் மட்டும் போன் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. தினமும் முதல் கதவுக்கு முன்னால் நின்று எனக்கு அடிப்பான். "அக்கா, பாத்தீங்களா?" "பாத்தேன்." "கடைசி வரைக்கும்?" "கடைசி வரைக்கும் பாத்தேன்ல, போ." பிறகுதான் ஏறுவான். என்னைச் சும்மா பயப்படுதீங்க என்று சொன்ன பையன்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் காலை அடுப்பில் குக்கரை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது.

"அக்கா, பாத்தீங்களா?"

"ஏல, என்ன பேசுத? நான் வீட்ல இருக்கேன். ரியாகிட்ட கேளு."

"கேட்டேன். சரியா இருக்குன்னா."

"அப்புறம் என்ன?"

"அன்னிக்கும் சரியா இருக்குன்னுதானக்கா காகிதம் வந்துச்சு."

"அப்ப ஏறாத. போகாத. வீட்டுக்குப் போ" என்றேன்.

"நான் ஏறலேன்னா நசீர் சாச்சா ஏறுவாரு" என்றான்.

கதவில் உள்ள எண்ணைப் படி என்றேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். இப்போதெல்லாம் காகிதத்தோடு வரும் சர்டிபிகேட் நகலில் உள்ளதைப் படி என்றேன். படித்தான். ஒத்துப் போயிற்று. மீட்டர் அளவைப் படிக்கச் சொன்னேன், அதையும் படித்தான். என் முன்னால் ஷீட் இல்லை, ஒன்றும் இல்லை, குக்கர்தான் இருந்தது.

"சரி, ஏறு. போனைக் கட் பண்ணாத" என்றேன்.

விசில் வந்தால் அவன் சத்தம் கேட்காது என்று அடுப்பை அணைத்தேன். கதவின் தாழ் கிறீச்சிடுவது கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் அடுப்படியில் நின்றபடி, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உயிர் இருப்பவன் பதில் சொல்வான், இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டு, கூப்பிடவே பயந்துபோய் நின்றேன்.

"அக்கா, இருக்கீங்களா?" என்றான் அவன்.

"இருக்கேன்" என்றேன். "நீ?"